வில்கமுவக் காட்டில் சொல்தாதுவின் கபுறு

வாப்பாவின் பாட்டனார் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்தவர். திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது மவுத்தாகிவிட்டார், மையித்துகூடக் கிடைக்கவில்லை என்பதுதான் மாத்தளையில் எங்கள் வீட்டார் நம்பியிருந்த கதை. அவர் மனைவி இத்தா என்னும் துக்க காலம் இருந்து, அதன்பின் சாகும்வரை வெள்ளைச் சேலையிலேயே இருந்தார். மறுமணத்துக்கு எத்தனையோ பேர் கேட்டும் சம்மதிக்கவில்லை.

நான் தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறேன். போன வருடம் வில்கமுவப் பக்கமிருந்து பூசணிக்காய் கொண்டுவந்த ஒருவர், நான் மாத்தளை முஸ்லிம் என்று தெரிந்ததும் ஒரு விஷயம் சொன்னார். பக்கத்து ஊரில் ஒரு காணிக்குள் ஒரு சொல்தாதுவை, அதாவது பட்டாளத்துச் சிப்பாயைப் புதைத்த கபுறு இருக்கிறதாம். யுத்த காலத்தில் திருகோணமலையிலிருந்து காட்டு வழியாகத் தப்பி ஓடிவந்த மாத்தளை முஸ்லிமாம். ஒரு காதில் பாதி இல்லையாம்.

வாப்பாவின் பாட்டனாருக்குச் சின்ன வயதில் நாய் கடித்த காதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் கேள்விப்படாதவர் இல்லை.

வாப்பாவிடம் சொன்னேன். பல நாள் கழித்து ஒரு காலை, சட்டை மாற்றிக்கொண்டு வந்து, "வா, போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

முச்சக்கரவண்டியை நானே ஓட்டினேன். அந்த வீட்டு வாசலில் இறங்குமுன் வாப்பா தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். நான் கவனித்தும் கவனிக்காததுபோல் இருந்தேன்.

வீட்டுக்காரர் எண்பதைத் தாண்டியவர். அவர் மகன் வயலிலிருந்து மண்வெட்டியோடு வந்தான். புதைத்த இடத்தைப் பார்க்க வந்தோம் என்று நான் சிங்களத்தில் சொன்னதுமே அவன் முகம் மாறியது. வண்டியின் இலக்கத் தகட்டைப் படமெடுத்தான். தள்ளிப்போய்ப் போனில் யாருக்கோ கோல் எடுத்தான். கொஞ்ச நேரத்தில் இரண்டு மோட்டார் சைக்கிளில் நாலு பேர் வந்து, எங்கள் வண்டிக்குப் பின்னால், பாதையை மறித்து நிறுத்தினார்கள். எஞ்சினை அணைக்கவில்லை.

முன்பு யாரோ இப்படித்தான் மூதாதையர் கல்லறை என்று வந்து, பிறகு நில அளவையாளரோடு திரும்பி, அயல்காணியில் எல்லைக் கட்டை அடித்துவிட்டுப் போனார்களாம். அது எங்களுக்கு அப்போது தெரியாது. "போயிருவோம் வாப்பா" என்று தமிழில் மெதுவாகச் சொன்னேன். என் குரலைக் கேட்டு மகன் இன்னும் நெருங்கி வந்தான்.

வாப்பா அசையவில்லை. கிழவரை நேராகப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: "அவருக்கு எந்தக் காது?"

கிழவர் தன் இடக் காதின் மேல்பாதியைத் தொட்டுக் காட்டினார்.

"அவர் எங்க வாப்பாவப் பெத்தவர்" என்றார் வாப்பா. "காணி கேட்டு வரல்ல. ஒரு கல்லுகூட நட மாட்டோம்."

கிழவர் மகனிடம் எங்களுக்கு உட்காரக் கதிரை கொண்டுவரச் சொன்னார். மோட்டார் சைக்கிள்கள் அணைந்தன. ஆனால் யாரும் போகவில்லை.

காய்ச்சலோடு காட்டில் விழுந்து கிடந்தவரைத் தன் தகப்பன்தான் தூக்கிவந்தார் என்று கிழவர் சொன்னார். பட்டாளத்தை விட்டு ஓடிவந்தவர், பிடிபட்டால் சுட்டுவிடுவார்கள் என்று பயந்தாராம். யுத்தம் முடிந்தும் அந்தப் பயம் போகவில்லை. காக்கி உடுத்தவர் யார் வந்தாலும், தபால்காரனைக் கண்டாலும்கூட, காட்டுக்குள் போய்விடுவார். வேறு கல்யாணம் முடிக்கவில்லை. காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்தார். சாகும்போது எப்படிக் கிடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். "தலை வடக்கே, முகம் மேற்கே. நானும் பிடிச்சேன். உங்க பிரார்த்தனை எங்களுக்குத் தெரியாது. அத மட்டும் செய்யல்ல" என்றார்.

மா மரத்தடியில் இரண்டு காட்டுக் கற்கள். வாப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு யாசீன் ஓதினார். எனக்குப் பின்னால் நின்ற ஆண்களின் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. ஓதி முடிக்கும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு வந்து வாப்பா தன் ராத்தாவிடம், அதாவது என் மாமியிடம் நடந்ததைச் சொன்னார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாட்டனாருக்காக ஃபாத்திஹா ஓதி வந்தவர் மாமிதான். கேட்டு முடித்ததும், "ஒரு நாள் பஸ் ஏறி வந்திருந்தா மூத்தம்மா வெள்ளச் சேலையக் கழட்டியிருப்பாங்களே" என்றார். மாமி இன்னும் அங்கே போகவில்லை. கூட்டிப்போகட்டுமா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

மாரி மழை தொடங்கியதும் கிழவரின் மகன் எனக்கு கோல் எடுத்தான். மழைக்குக் கபுறு கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மண் போடலாமா, உங்கள் சமயத்தில் அது சரியா என்று கேட்டான். போனை வாப்பாவிடம் கொடுத்தேன்.

"போடுங்க மகன்" என்றார் வாப்பா. "உயர்த்திக் கட்ட மட்டும் வேணாம்."