மெஷின்மேல் போட்ட பழி

என் தங்கை ரத்னாவின் சிங்கப்பூர் வேலையைக் கெடுத்தது விமானக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அல்ல... நான்!

உங்களுக்குத் தெரிந்திருக்கும். டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. புறப்பட மூன்று நாள் இருக்கும்போது போன் செய்து, வருவதை மறுபடி உறுதிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். மைசூரில் எங்கள் வீட்டில் அப்போது போன் இல்லை. என் ஆபீசில் இருந்தது. நானாகத்தான் அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் மூத்தவள். அவளைவிட நன்றாகப் படித்தவள். அப்பாவின் ரயில்வே பென்ஷன் போதாமல் படிப்பை விட்டு டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தவள். அவள் கம்ப்யூட்டர் படித்தது என் சம்பளத்தில்! நாங்கள் குடியிருந்த விஜயநகர் முழுக்க என்னிடமே வந்து அவளைப் புகழ்ந்தது. வயிறு எரிந்தது. ஆம், எரிந்தது!

ஆபீசிலிருந்து சென்னை விமானக் கம்பெனிக்கு எஸ்.டி.டி. போட்டேன். பதிவு செய்த பெண்குரல் காத்திருக்கச் சொன்னது. பிறகு இசை. மறுபடி அதே குரல், அதே கனிவு... கேட்பவள் யாராயிருந்தாலும் மாறாத கனிவு. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் யாராவது எடுத்திருப்பார்கள். தெரிந்தேதான் ரிசீவரை வைத்தேன். வீட்டில் போய், எல்லாம் முடிந்தது என்றேன்.

சென்னை விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. அவள் மட்டும் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாள்.

"அக்கா, என் பேரே இல்லையாம்! அந்தப் பொண்ணு ஸ்கிரீனையேதான் பார்க்கறா, என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நீ யார்கிட்ட சொன்னே?"

"மெஷின்தான் பேசுச்சு. அதுகிட்டதான் சொன்னேன்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! விமானம் நிரம்பிவிட்டது. அடுத்த இடம் கிடைப்பதற்குள் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அன்று அவளைக் கட்டிக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டரை நானும் சேர்ந்து திட்டினேன். உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது... என்ன பெண் நான்?

இப்போது ரத்னா மைசூரிலேயே ஒரு பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறாள். எங்கள் வீட்டுக்கும் போன் வந்துவிட்டது. எங்காவது பேசும்போது பதிவுக் குரல் கேட்டால் போதும், ரிசீவரை என் கையில் திணிக்கிறாள்.

"விடு அக்கா, மெஷினை யாரு நம்புவா? நீயே பேசு. நீ சொன்னா எனக்குப் போதும்."

நானும் வாங்கிக்கொள்கிறேன். யாராவது எடுக்கும்வரை காத்திருக்கிறேன்... இப்போது!