பிளானோவில் ஒரு ராணி கவிழ்ந்த கதை

சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற வேலையில் ஒரு சௌகரியம், பாடத்தில் வரும் ராஜாக்கள் யாரும் புகார் சொல்ல வரமாட்டார்கள், பெற்றோர்தான் வருவார்கள். எந்த ஊரிலாவது வகுப்பறையில் நின்று தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியவர் என்றால், நான் படும் பாடு உங்களுக்குப் புரியும். டெக்ஸாஸ் பிளானோவில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு உலக வரலாறு எடுக்கிறேன். வருஷா வருஷம் என்னைப் படுத்தி எடுப்பது பிரெஞ்சுப் புரட்சி.

சீட்டு விழுந்த விதம்

இந்தப் பாடத்தை நாங்கள் நாடகமாக நடத்துவோம். சீட்டுக் குலுக்கி வகுப்பை, அந்தக் கால பிரான்ஸ் ஜனங்களைப் பிரித்தது போலவே, மூன்று எஸ்டேட்டாகப் பிரிப்பேன். முதல் எஸ்டேட் பாதிரிமார், இரண்டாவது பிரபுக்கள், மூன்றாவது வரி கட்டியே தேய்ந்துபோகும் சாதாரண ஜனங்கள். எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்துவிட்டு, மூன்றாமவர்களிடம் மட்டும் வரி என்று சொல்லிப் பிடுங்குவோம். ராணி நான்தான், காகிதக் கிரீடமும் உண்டு.

என் மாணவன் கௌதமுக்கு மூன்றாவது விழுந்தது. அன்று சாயங்காலமே அவன் அப்பா ஃபோன் செய்தார். சென்னைக்காரர், சாஃப்ட்வேரில் பெரிய பதவி. குரலில் கோபமில்லை, கவலைதான். "மேடம், அவன் எலிமெண்டரிலேர்ந்தே கிஃப்டட் ப்ரோக்ராம்ல இருக்கான். தேர்ட் எஸ்டேட்லேர்ந்து ஃபர்ஸ்ட்டுக்கு மூவ் பண்ண ஏதாவது டெஸ்ட் எழுதணுமா?"

யார் செய்த வேலை

நாடகத்துக்கு முன்னால், புரட்சிக்கான காரணங்களை உலகப் படத்தில் அம்பு போட்டுக் காட்டவேண்டும். பிரான்ஸ் ராஜா அமெரிக்க விடுதலைப் போருக்கு வாரிக் கொடுத்துக் கஜானாவைக் காலி செய்தார். விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறியது. அதற்குச் சில வருஷம் முன்பு ஐஸ்லாந்தில் வெடித்த எரிமலையையும் சிலர் கணக்கில் சேர்ப்பார்கள்.

அடுத்த அம்பு எங்கே என்று யாழினியைக் கேட்டேன். ஈரோட்டிலிருந்து நடுவருஷத்தில் வந்து சேர்ந்த பெண். நன்றாகவே எழுதுவாள், வாயை மட்டும் திறக்கமாட்டாள். நான் தமிழில் கேட்டாலும் தலையசைப்புதான். பக்கத்து நாற்காலி கௌதம்தான் தன் அரைகுறைத் தமிழில் அவளுக்குப் பக்க எண் சொல்வான். அன்றும் எழுந்து நின்று தரையைப் பார்த்தாள். நல்லவேளையாகப் பின்வரிசை டைலர் கை தூக்கினான். "மிஸ், அந்த ராஜா எங்களுக்குக் குடுத்துத்தான் திவாலானாரா? அப்போ நாங்க ஸாரி சொல்லணுமா?"

இரண்டே வரி

எங்கள் பள்ளிக் கவுன்சலர் நடாலி, கரீபியன் தீவு நாடான ஹெய்ட்டியில் பிறந்தவர். யாழினியைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார். இவ்வளவு பேசாத பெண்ணை ஒன்பதாவதுக்கு இறக்கிவிடுவதுதான் அவளுக்கு நல்லது என்றார். இறக்கினால் அவள் இன்னும் சுருண்டுவிடுவாள் என்று எனக்குப் பயம். நாடகம் முடியட்டும் என்று கெஞ்சினேன். தானும் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

பேச்சுவாக்கில் என் பாடப்புத்தகத்தைப் புரட்டி, தன் நாட்டுக்கு இரண்டே வரி ஒதுக்கியிருப்பதைக் காட்டினார். மனிதர் எல்லாரும் சமம் என்று பாரிஸில் சொன்னதை, அப்போது பிரான்ஸின் காலனியாக இருந்த அங்கே கரும்புத் தோட்டத்து அடிமைகள் தங்களையும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அந்தத் தீவு கைவிட்டுப் போகவே, பிரான்ஸ் இங்கே வைத்திருந்த பெரிய நிலப்பரப்பை அமெரிக்காவுக்கு விற்றுவிட, அதன் எல்லை டெக்ஸாஸ் வாசல்வரை வந்தது. நடாலி புத்தகத்தை மூடினார். "எங்க ஆளுங்க வாயை மூடிக்கிட்டே இருந்திருந்தா, உங்க பிளானோ இன்னிக்கு எந்த நாட்டுல இருந்திருக்குமோ?"

வராத புரட்சி

நாடக நாள். வழக்கமாக நான் இரண்டாவது வரி போடும்போதே யாராவது மேஜையைத் தட்டிவிடுவார்கள். அதற்காகத்தானே இவ்வளவு கூத்தும். இந்த வருஷம் உப்பு வரி போட்டேன், ஜன்னல் வரி போட்டேன், சிரித்ததற்குக்கூட வரி போட்டேன். பிள்ளைகள் சமர்த்தாகச் சாக்லேட்டை எடுத்து நீட்டினார்கள். கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நடாலி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

தாங்காமல், "உங்களுக்கெல்லாம் கோபமே வராதா?" என்று கேட்டேன். ஒரு பெண் பணிவாகக் கை தூக்கினாள். "மிஸ், புரட்சி பண்ணினா பார்ட்டிசிபேஷன் பாயிண்ட்ஸ் குறையுமா?"

ராணியை எதிர்த்து

பிரபு வேஷத்தில் வந்த டைலர், கௌதமின் கடைசிச் சாக்லேட்டை எடுத்தான். பக்கத்தில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. யாழினி எழுந்து நின்றிருந்தாள். "கிவ் இட் பேக்," என்றாள் டைலரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "நோ மோர் டாக்ஸ்," என்றாள். அப்புறம் மொத்த மூன்றாம் எஸ்டேட்டும் கிளம்பி என் மேஜையைச் சூழ்ந்துகொண்டது. கிரீடம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது, நான் அழுதுகொண்டிருந்தேன். போகும்போது நடாலி என் தோளைத் தட்டி, அவள் பத்தாவதிலேயே இருக்கட்டும் என்றார்.

சாயங்காலம் யாழினியின் அம்மாவுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். என்னை எதிர்த்துத்தான் பேசினாள் என்று சந்தோஷமாகவே சொன்னேன். அந்த அம்மா சொன்னார்: "மன்னிச்சுக்கோங்க மேடம். புது ஊரு, நாம வந்து பொழைக்கிற எடம், யாருகிட்டயும் வாயைத் தொறந்துறாத கண்ணுன்னு நாந்தானுங்க சொல்லி அனுப்பிச்சேன். இனிமே அப்புடிச் சொல்ல மாட்டேனுங்க."

ஆட்சியும் போய், கிரீடமும் போய், ஒரு டப்பா சாக்லேட்டும் போய், அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கிய ஒரே ராணி உலக வரலாற்றில் நானாகத்தான் இருப்பேன்.