ஈரத்துணி வைத்தியம்

டீசல் குழாயில் ஈரத்துணி போட்டால் கிளம்பிவிடும் வண்டிக்கு டீசல் கோளாறு என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படி ஏமாந்த எரிச்சல் இன்றைக்கும் அடங்கவில்லை.

பெரியபாளையம் பக்கத்து ஊர்களிலிருந்து கும்மிடிப்பூண்டிக் கம்பெனி ஒன்றுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன் என்னுடையது. ஜனப்பன்சத்திரம் தாண்டி இன்ஜின் நன்றாகச் சூடானதும், சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். சாவியைத் திருகினால் உறுமுமே தவிரப் பிடிக்காது. பின்னால் வரும் லாரிக்காரர்கள் ஹாரனிலேயே திட்டிவிட்டுப் போவார்கள். நான் சீட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் இன்ஜினின் டீசல் குழாயின்மேல் ஈரத்துணியைச் சுற்றுவேன். சூட்டில் டீசல் குழாய் அடைத்துக்கொள்ளும் என்று பழைய டிரைவர்கள் எல்லாம் செய்துவந்த வைத்தியம். தண்ணீர் பெண்களுடையது. குடிக்க எடுத்துவந்த பாட்டிலை ஒவ்வொருத்தியும் நீட்டுவாள். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். கைராசிக்காரன் என்று எனக்குப் பெருமை வேறு.

கம்பெனி வாசலில் என் கைராசி செல்லுபடியாகவில்லை. நேரம் தவறினால் அந்தப் பெண்களுக்குப் பாதி நாள் சம்பளம் போய்விடும். ஒருத்திகூட என்னிடம் முகம் சுளித்ததில்லை, அதுதான் கூசியது. வண்டிகளைக் கவனிக்கும் அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு முறை தாமதமானால் வேறு வேன் போட்டுவிடுவதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த ஒரு ஓட்டத்தை நம்பித்தான் வேனே வாங்கியிருந்தேன்.

காக்களூர் மெக்கானிக்கிடம் ஓடினேன். அவர் வண்டியின் கம்ப்யூட்டரில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார், ஒரு குறையும் காட்டவில்லை. எப்படிக் காட்டும்? அங்கே என் முறை வருவதற்குள் வண்டி ஆறிப்போயிருந்தது. குழாயில் துணி போட்டால் ஓடுகிறது என்று நான் அடித்துச் சொன்னேன். அப்படியானால் டீசல்தான் என்று அவரும் ஃபில்டரை மாற்றினார், பிறகு பம்பையும் மாற்றினார்.

அடுத்த வாரமே கவரைப்பேட்டை அருகே வண்டி நின்றது. பாட்டில்கள் எல்லாம் காலியான பிறகுதான் கிளம்பியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் சாத்தியிருந்தது. மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

கோபத்தோடு வண்டியைக் கொண்டுபோய் மெக்கானிக் முன்னால் நிறுத்தினேன். அவர் இந்த முறை அவசரப்படவில்லை. தானாக அணையும்வரை இன்ஜினை ஓடவிட்டார். சூடு ஆறுவதற்குள் ஸ்கேனரைப் போட்டுச் சாவியைத் திருகச் சொன்னார். இன்ஜின் சுற்றுகிறது, ஸ்கேனரில் மட்டும் அதன் வேகம் பூஜ்யத்திலேயே நிற்கிறது.

"கிராங்க் சென்சார் நைனா. சூடானா ஊமையாயிடுது. இன்ஜின் சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்கு இதான் சொல்லணும், இது சொல்லலன்னா அது டீசல் உடாது. நீ மேல துணி போட்டே, தண்ணி வழிஞ்சி கீய இது மேல சொட்டிகினு இருந்திச்சி. அதான் பொழைச்சிக்கிச்சி."

கட்டைவிரல் அளவுச் சாமான். ஒரு போல்ட், ஒரு வயர் சொருகி. வாங்கிவந்த டீயை நான் குடித்து முடிப்பதற்குள் மாற்றிவிட்டார். துணி, துணி என்று நான் சத்தியம் பண்ணாமல் இருந்திருந்தால், அந்த மனுஷன் முதல் நாளே வேறு பக்கம் பார்த்திருப்பார். நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

வண்டி அதற்குப் பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை. கல்யாணம், கோயில் என்று கிடைத்த சவாரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு காலை, ஜனப்பன்சத்திரத்தில் ஓரங்கட்டி டீ குடித்துக்கொண்டிருந்தபோது கம்பெனிப் பெண்களை ஏற்றிய புது வேன் நெரிசலில் ஊர்ந்து வந்தது. எப்போதும் முதலில் பாட்டில் நீட்டும் பெண் என்னைப் பார்த்துவிட்டாள். ஜன்னல் வழியாகக் கை வெளியே வந்தது, பாட்டிலோடு.

"இன்னாண்ணா, நின்னுட்ச்சா? தண்ணி ஓணுமா?"

வேண்டாம்மா, இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது என்றேன்.

"நல்லாயிட்ச்சா? அப்ப எங்களுக்கே வந்துடுண்ணா."

நெரிசல் விட்டு அவர்கள் வேன் நகர்ந்துவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு, கம்பெனிக்கே போய்க் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினேன். முதல் திருகிலேயே கிளம்பியது.