அன்று கேபிள் கெட்டுப்போகவில்லை

தவமணி அண்ணன் இறந்த செய்தி எனக்கு அலுவலகத்தில் கிடைத்தது. காலையில் பசியாறிவிட்டு மேசைக்குத் திரும்பியபோது, நம் வாசகர் மன்றப் புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப் குழுவில், அவர் படத்தைப் போட்டிருந்தார்கள். மாரடைப்பு, மறுநாள் மதியம் உலு திராம் வீட்டிலிருந்து இறுதிச் சடங்கு என்று அதன் கீழே எழுதியிருந்தது. பதில்கள் கூப்பிய கைகளாக வந்து விழுந்துகொண்டிருந்தன. நானும் ஒன்றைப் போட்டேன். அப்போது எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, நிம்மதி. இனி அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஏன் அப்படித் தோன்றியது என்பதை, அவரை அறிந்த உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

அவரைத் தெரியாதவர்கள் சிலர் இதைப் படிக்கக்கூடும். தினமும் எல்லைப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய் வந்தவர். நம் மன்றத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் மடிக்கணினியையும் பெரிய திரையையும் இணைத்துக் கொடுப்பது அவர் வேலை. யாரும் அவரிடம் அதை ஒப்படைக்கவில்லை. அவராக எடுத்துக்கொண்டார். அடக்கமானவர் என்று இரங்கலில் எழுதுவது வழக்கம். அண்ணன் அடக்கமானவர் அல்ல. தான் என்ன செய்கிறோம் என்பதைப் பக்கத்தில் நிற்பவருக்கு விளக்கிக்கொண்டே செய்வார். பக்கத்தில் நிற்பவர் நழுவினால் கூப்பிட்டு நிறுத்தி விளக்குவார்.

திரையில் படம் வராவிட்டால் நாமெல்லாம் முதலில் கேபிளைத்தான் ஆட்டுவோம். அவர் அதைத் தொடவே மாட்டார். சுவரில் இருக்கும் சுவிட்சைப் பார்ப்பார். பிறகு திரையின் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு திரை எந்தத் துளையிலிருந்து படத்தை எதிர்பார்க்கிறது, நாம் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறோம் என்று சரிபார்ப்பார். கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றி அழுத்தி மாட்டுவது அதற்கப்புறம்தான். வேறு கேபிள், கணினியின் அமைப்பு எல்லாம் கடைசி. நான் ஒருமுறை அவசரத்தில் கேபிளையும் மாற்றி அமைப்பையும் மாற்றினேன். கையைப் பிடித்துவிட்டார்.

"ஒன்னு ஒன்னா மாத்துங்க தம்பி. ரெண்டையும் சேர்த்து மாத்திட்டு படம் வந்துச்சுன்னா, எது கோளாறுன்னு கடைசி வரைக்கும் தெரியாது."

'சிக்னல் இல்லை' என்று திரையில் எழுத்து வந்தால் நாம் பதறுவோம். அவருக்கு அது நல்ல செய்தி. எழுத்து வருகிறது என்றால் திரை நன்றாக இருக்கிறது, அதற்கு யாரும் எதுவும் அனுப்பவில்லை, அவ்வளவுதான் என்பார். ஒவ்வொரு முறையும் இதைச் சொல்வார். எனக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கிய காலத்தில் நான் ஒரு திரை வாங்கி மடிக்கணினியோடு இணைத்திருந்தேன். அது நினைத்த நேரத்தில் இருண்டு, ஒரு நொடியில் திரும்ப வரும். அண்ணன் வீட்டுக்கு வந்து பார்த்தார். திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். எழுந்திருக்கச் சொன்னார். எழுந்தேன், திரை இருண்டது. உட்காரச் சொன்னார், எழச் சொன்னார், மறுபடி உட்காரச் சொன்னார். என் மனைவி சமையலறை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் புதிதாக வாங்கிய சுழல் நாற்காலியில் இருந்து எழும்போது ஏதோ மின்சாரம் கிளம்புகிறது, அதுதான் திரையை அணைக்கிறது என்றார். கதை விடுகிறார் என்று நினைத்தேன்.

"நாற்காலிய குறை சொல்லாதீங்க லா. உங்க கேபிள் மெலிசு. அதான் கண்டதையும் காதுல வாங்குது," என்றார். தன் பையிலிருந்து தடித்த கேபிள் ஒன்றை எடுத்து மாட்டினார். அதற்குப் பிறகு திரை அணையவே இல்லை.

இந்தக் கதையை நான் மன்றத்து நண்பர்களிடம் நடித்துக் காட்டினேன். எழுவதும் உட்காருவதும் அவர் குரலில் ஆணையிடுவதுமாக. எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். திரை சரியாகிவிட்டது என்ற கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிட்டேன். சிரிப்பு அங்கே இருக்கவில்லை. நாளடைவில் அவரை நடித்துக் காட்டுவது என் வேலையாகிப் போனது. அவர் இல்லாத தனிப் புலனக் குழு ஒன்று எங்களுக்கு இருந்தது. அதில் அவர்தான் பாதி நாள் பேச்சு.

இனி மன்றத்தின் ஆண்டு விழா. உங்களுக்கு அது எப்படி நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நிறுவனரின் பழைய படங்களைப் பெரிய திரையில் காட்டுவதாக இருந்தது. அவருடைய துணைவியார் அதற்காகவே லாபிஸிலிருந்து வந்து முன்வரிசையில் இருந்தார். தவமணி அண்ணனின் கேபிள் கெட்டுப்போனது, மாற்றுக் கேபிள் கொண்டுவர மறந்துவிட்டார், படம் காட்டவே முடியவில்லை. ஊருக்கே தெரிந்த கதை இதுதான்.

நடந்தது வேறு. செயலாளர் என்பதால் மடிக்கணினி என்னுடையது. மேடை ஓரத்து மேசையில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் சிக்னல் இல்லை. அண்ணன் வழக்கம்போல் சுவரிலிருந்து ஆரம்பித்தார். சிறப்பு விருந்தினர் வாசலுக்கு வந்துவிட்டார், மேளம் முழங்கத் தொடங்கிவிட்டது. எனக்குப் பொறுமை போய்விட்டது. தலையைக் குனிந்து, கணினியிலேயே அந்தத் தனிக்குழுவில் எழுதினேன். சிங்கப்பூரில் திருகாணி முடுக்குகிறவர் இங்கே வந்து விஞ்ஞானி வேடம் போடுகிறார், அடுத்த வருடம் இந்த ஆளைக் கழற்றிவிட்டால்தான் மன்றம் உருப்படும் என்று எழுதினேன். உடனே பதில்கள் வந்தன. சிரிக்கும் முகங்கள், அதைவிட மோசமான இரண்டு மூன்று வரிகள்.

தலையை நிமிர்த்தியபோது திரையில் வெளிச்சம். அவர் துளையை மாற்றியிருக்கிறார், என் கணினியில் இருப்பது அப்படியே மேடையில் தெரிகிறது. முழ உயரத்துக்கு என் எழுத்து. அதற்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்களோடு பதில்கள். எனக்கு முதுகைக் காட்டி நின்று அண்ணன் அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

மண்டபத்தில் யாரும் பார்க்கவில்லை. விருந்தினர் வருவதால் எல்லாரும் வாசல் பக்கம் திரும்பி நின்றார்கள். மேளம் நெருங்கியது. தலைகள் மேடைப் பக்கம் திரும்பப் போகின்றன. என் விரல் அசையவில்லை. அண்ணன் திரைக்குப் பின்னால் போனார். கேபிளைப் பிடுங்கினார்.

நான் குழுவை மூடிய பிறகு அவர் மறுபடி மாட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சிலையாக உட்கார்ந்திருந்தேன். கணினியின் மூலையில் பதில்கள் இன்னும் எட்டிப்பார்த்துக்கொண்டே இருந்தன. அதற்குள் தலைவர் மேடையேறி, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"கேபிள் போச்சு தலைவரே. வேற கொண்டு வரல. தப்பு என்னோடதுதான்," என்றார் அண்ணன்.

அவர் பை என் காலடியில் இருந்தது. அதில் எப்போதும் மாற்றுக் கேபிள் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தலைவர் அத்தனை பேர் முன்னாலும் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். லாபிஸ் அம்மா ஏமாற்றத்தோடு எழுந்துபோனதை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

சில நாள் கழித்து, அந்தப் படங்களைப் பென் டிரைவில் போட்டுத் தரும்படி அண்ணன் கேட்டார். கொடுக்கும் சாக்கில் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, அன்னைக்கு…" என்று ஆரம்பித்தேன். விடவில்லை.

"மேடையில மாட்டுறதுக்கு முன்னாடி மத்ததெல்லாம் மூடிடுங்க தம்பி. மெசேஜ் வர்றதையும் நிறுத்தி வைங்க. மறந்துடாதீங்க," என்றார். பால் கலக்காத தே ஓ கொடுத்து அனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுத் திரையைக் காரில் ஏற்றிக்கொண்டு லாபிஸுக்குப் போய் அந்த அம்மாவுக்குப் படங்களைக் காட்டிவிட்டு வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அங்கேயும் சுவர் சுவிட்சைப் பற்றி நெடுநேரம் விளக்கினாராம்.

ஆனால் அதற்குப் பிறகு நம் கூட்டங்களில் அவர் ஒரு கேபிளையும் தொடவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார். அந்த அவமானத்தில் கை விட்டுப்போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு விழாவிலும் யாராவது ஒருவர், என்ன தவமணி, இன்றைக்காவது கேபிள் இருக்கிறதா என்று கேட்பார். அவர் சிரிப்பார். பக்கத்தில் நான் நின்றால் என் பக்கம் திரும்ப மாட்டார். அது எனக்குச் செய்த உபகாரம் என்று இப்போது புரிகிறது. அப்போது தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

சடங்கு நாளன்று கூடாரத்தில் நாற்காலிகள் போட்டு உட்கார்ந்திருந்தோம். உங்களில் ஒருவர் கேபிள் கதையை எடுத்தார். துக்க வீட்டில் சிரிக்கும் அளவுக்குச் சிரித்தோம். தட்டில் தண்ணீர் போத்தல்களோடு வந்த அவர் மகள் அங்கேயே நின்றுவிட்டாள். பெரியவர்கள் சிரிக்கிறார்களே என்று அவளும் சிரிக்க முயன்றாள். அப்பாவைப் பற்றி அவர் நண்பர்கள் அவளுக்குக் கொடுத்தது அதுதான். நானும் சிரித்தேன். விழா நாளில் பயந்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அந்தச் சாக்கும் இல்லை.

கருமாதி முடிந்த மறுநாள் அண்ணியைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், எழுதிய வரிகள் உட்பட. அவர் அழவில்லை.

"வீட்டுக்கு வந்ததும் பைய நான்தான் எடுத்து வச்சேன். உள்ள கேபிள் இருந்துச்சு. வச்சிக்கிட்டே மறந்தீங்களான்னு கேட்டேன். ஆமான்னாரு. அன்னையிலேர்ந்து கடைக்கு அனுப்பினாகூட, மறந்துடப் போறீங்கன்னு நானே குத்திக்காட்டிக்கிட்டு இருந்தேன் தம்பி."

நான் கையைக் கூப்பினேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. எம்மக படிக்கணும். ஆனா யாரோ ஒரு நண்பர்னு எழுதாதீங்க. உங்க பேரைப் போடுங்க."

அந்தத் தனிக்குழுவில் இருந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பெயர்களை நான் எழுதவில்லை. ஆனால் அவர் படித்தார். படித்த பிறகும் பல ஆண்டுகள் உங்கள் வீட்டுத் திருமணங்களுக்கு மொய் எழுதினார், மருத்துவமனையில் உங்களைப் பார்க்க வந்தார். உங்களிடமும் எதுவும் கேட்டதில்லை.

அவர் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால், காட்டுவதற்கு என்னிடம் ஒரு பொருளும் இல்லை. இந்த ஊரில் என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறார்கள், மேடையில் உட்கார வைக்கிறார்கள், செயலாளர் ஐயா என்கிறார்கள். அந்த மரியாதைதான் நான் வைத்திருக்கும் அவருடைய பொருள். அவர் வீட்டுக்குப் போக வேண்டியது. அண்ணி கேட்டபடி கீழே கையெழுத்திடுகிறேன்.

மு. கதிரேசன்