வேண்டாத சோக் கம்பி

நான் தொட்ட என்ஜின்கள் எல்லாம் நின்ற இடத்திலேயே நின்று ஓடியவை. ஜெனரேட்டர், தண்ணீர் பம்பு, மரம் அறுக்கும் ஆலை. 'டீசல் டாக்டர்' என்று எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தது யார் என்று கேட்டால், நானேதான்.

அந்தத் தைரியத்தில்தான் என் மனைவியின் ஸ்டேஷன் வேகனில் கை வைத்தேன். அவள் அப்பா விட்டுப்போன வண்டி. பின் இருக்கையை மடக்கினால், அவள் தைக்கும் பள்ளிச் சீருடை மூட்டைகள் அத்தனையும் உள்ளே அடங்கும். அதன் பெட்ரோல் என்ஜின் புகை கக்கி, எண்ணெய் குடித்து, ஒருநாள் நடுரோட்டில் உயிரை விட்டது.

"உடைக்க எடுத்துக்கறேன்னு அண்ணன் சொல்றாரு. குடுத்துடலாங்க," என்றாள். அவள் அண்ணன் பழைய வண்டிகளை உடைத்து விற்பவர். சொல்லும்போது அவள் கை கதவைத் தடவிக்கொண்டிருந்தது.

"டீசல் என்ஜின் போட்டுத் தரேன். பள்ளிக்கூடம் திறக்கற அன்னிக்கு நீயே தனியா ஓட்டிட்டுப் போவே."

"போகலேன்னா?"

"உங்கண்ணன் கடைக்கு நானே தள்ளிட்டுப் போறேன்."

அன்றைக்குச் சீருடை போய்ச் சேராவிட்டால், அடுத்த வருட ஆர்டர் வேறு ஆளுக்கு. அதை அவள் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

மச்சான் கடையில், நசுங்கிக் கிடந்த ஒரு வேனிலிருந்து என்ஜினை இறக்கினேன்.

"பாத்து மாப்பிள்ளை," என்றார். "இது ஓடற சாமான். நீங்க பாக்கற மாதிரி நட்டு வெச்ச சாமான் இல்ல."

என் வேலையில் அவசரம் கிடையாது. புது என்ஜினைப் பழைய கியர்பாக்ஸோடு சேர்க்கும் தகட்டை முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தேன், பிறகு பலகையில், அப்புறம்தான் இரும்பில். டீசல் கனம் என்பதால் முன் ஸ்பிரிங்கை மாற்றினேன். பிரேக்குக்குக் காற்றை உறிஞ்சித் தரும் பம்பைக்கூட மறக்கவில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

டாஷ்போர்டிலிருந்து சோக் குமிழையும் அதன் நீளக் கம்பியையும் உருவும்போது மனைவி வந்து நின்றாள். குளிர்ந்த காலைகளில் அதை இழுத்துத்தான் அவள் வண்டியைக் கிளப்புவாள்.

"அதை ஏன் எடுக்கறீங்க?"

"டீசலுக்கு சோக் கிடையாதும்மா," என்றேன், வாத்தியார் குரலில்.

"இருந்துட்டுப் போகட்டுமே. சோறா கேக்குது?"

சிரித்தேன். 'வேண்டாதது' என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டி, மற்ற இரும்போடு மச்சானுக்கு அனுப்பிவிட்டேன்.

பள்ளி திறப்பதற்கு முதல்நாள் வண்டி கிளம்பியது. தெருவே எட்டிப் பார்த்தது. மனைவி ஓட்ட, நான் பக்கத்தில் மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு சுற்று போய்வந்து, வாசலில் நிறுத்திச் சாவியைத் திருப்பினாள். என்ஜின் அது பாட்டுக்கு ஓடியது. சாவியை உருவியே விட்டாள். அப்போதும் ஓடியது.

"என்னங்க, இது எப்படி நிக்கும்?"

இறங்கி, பானெட்டைத் திறந்து, டீசல் பம்பில் டீசல் வரத்தை அடைக்கும் சின்ன நெம்புகோலை விரலால் தள்ளினேன். நின்றது. இத்தனை வருடமாக எல்லா என்ஜினையும் அப்படித்தானே நிறுத்துகிறேன், பக்கத்தில் நின்று, கையால்? ஓட்டுகிறவள் உள்ளே உட்கார்ந்திருப்பாள் என்பது மட்டும் டாக்டர் மூளைக்கு எட்டவில்லை.

"அப்ப ஒவ்வொரு பள்ளிக்கூட வாசல்லயும் நான் இறங்கி பானெட்டைத் தூக்கணுமா?"

"நான் கூட வரேனே."

"என்னவா? ஸ்விட்சாவா? தனியாப் போவேன்னு சொன்னது யாரு?"

நெம்புகோலிலிருந்து டாஷ்போர்டு வரை ஒரு கம்பி வேண்டும். நுனியில் பிடித்து இழுக்க ஒரு குமிழ். டாஷ்போர்டில் காலியாக இருந்த ஓட்டையை இருவரும் பார்த்தோம். அவள் அதில் விரலை விட்டு ஆட்டிக் காட்டினாள். திட்டியிருந்தால் தேவலை.

மச்சான் கடைக்கு ஓடினேன். சீட்டோடு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது அந்தக் கம்பி.

"வருவீங்கன்னு எடுத்து வெச்சேன் மாப்பிள்ளை. பழைய டீசல் வண்டியில நான் முதல்ல கழட்டறதே என்ஜினை நிறுத்தற இந்த மாதிரி கம்பியைத்தான்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மச்சான்?"

"டாக்டருக்கு நான் வைத்தியம் சொல்றதா?"

அன்று மாலையே மாட்டினேன். மறுநாள் காலை, மூட்டைகளை ஏற்றிவிட்டு, சலவைச் சட்டையோடு நானும் தயாராக நின்றேன். அவள் என்ஜினைக் கிளப்பினாள், குமிழை இழுத்து நிறுத்தினாள், திரும்பக் கிளப்பினாள். பிறகு குமிழில் தொங்கிய சீட்டை அவிழ்த்து, ஜன்னல் வழியாக என் சட்டைப் பையில் செருகிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

முதல் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில்தான். காதைத் தீட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். தடதடவென்று போன சத்தம் அங்கே போய் அடங்கியது.