மீதிப் பாதி

எல்மர் ட்ராஸ்க் பொய்யே சொல்லாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. மீன் பிடித்த கதை சொன்னால் சாண் மீனை முழ மீனாக்கிவிடுவார். ஆனால் இதைச் சொன்னபோது அவர் எதையும் கூட்டவில்லை. சொல்லும்போது அவர் கைகள் நடுங்கின. முப்பது வருடம் சவரக் கத்தி பிடித்த கைகள். அவை நடுங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நடந்ததற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

விஸ்கான்சினில் எங்களுடையது ஆற்றங்கரைக் கல்லூரி ஊர். கல்லூரி வாசலுக்கு எதிரே எல்மரின் சலூன். ஒரு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, சுவரோரம் ஒரு நீள பெஞ்ச். முடி வெட்டிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாத வழுக்கைத் தலைக்காரர்கள் நாள் முழுக்க அந்த பெஞ்சில் உட்கார்ந்து ஊரை அலசுவார்கள்.

அது 1968. ரேடியோவைத் திருப்பவே பயமாக இருந்த வருடம். வசந்தத்தில் ஒரு தலைவரைச் சுட்டார்கள், கோடையில் இன்னொருவரை. வியட்நாம் போரிலிருந்து சவப்பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. கல்லூரிப் பையன்கள் முடியைத் தோள் வரை வளர்த்தார்கள். அதில் எல்மருக்கு இரட்டைக் கோபம். ஒன்று நாட்டுக்காக, இன்னொன்று தன் பிழைப்புக்காக.

மார்ச் மாதக் கடைசியில் டேல் ஹாஸ்கின்ஸ் கடைக்கு வந்தான். கல்லூரி உணவுக்கூடத்தில் வேலை பார்க்கும் விதவை வெர்னாவின் ஒரே மகன். போர் வேண்டாம் என்று சொன்ன வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்டு அவனும் நண்பர்களும் வீடு வீடாகப் போகவிருந்தார்கள். நீள முடியோடு போனால் பெரியவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று எல்லாப் பையன்களும் அந்த வாரம் முடியைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். தாடியை அவனே மழித்துவிட்டு வந்திருந்தான்.

பெஞ்சிலிருந்து கஸ் என்கிற பழைய தபால்காரர் ஆரம்பித்தார்.

"எல்மரு, வந்திருக்கிறது பையனா பொண்ணா? முன்னாடி பாத்தாலும் விளங்கல, பின்னாடி பாத்தாலும் விளங்கல."

"இருங்க, பாதி வெட்டினதும் சொல்றேன்" என்றார் எல்மர்.

பெஞ்ச் சிரித்தது. டேலும் சிரித்தான். நல்ல பையன். அவனுடைய முதல் முடியை வெட்டியதும் எல்மர்தான். நாற்காலிக் கைகளின் மேல் பலகை போட்டு, அதில் அவனை உட்கார வைத்து வெட்டி, அந்த முதல் சுருளை ஒரு சின்ன உறையில் போட்டு வெர்னாவிடம் கொடுத்தவர். எங்கள் ஊரில் குழந்தையின் முதல் முடிக்கு அதுதான் வழக்கம்.

அன்று இடது பக்கம் வெட்டி முடித்ததும் எல்மர் நிறுத்தினார். கத்தரியைக் கீழே வைத்தார். துணியை உதறினார்.

"அவ்வளவுதான். இந்தப் பக்கம் நாட்டுக்கு. அந்தப் பக்கம் உன் வேட்பாளருக்கு."

பெஞ்ச் குலுங்கியது. கஸ்ஸுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

டேல் கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். ஒரு பக்கம் ஒட்ட வெட்டிய தலை. மறுபக்கம் தோள் வரை முடி.

"மிஸ்டர் ட்ராஸ்க்... மீதிய வெட்டிடுங்க. அம்மா பாத்தா வருத்தப்படுவாங்க."

"நாட்டுக்காகப் போருக்குப் போய்ட்டு வா தம்பி. வந்து இதே நாற்காலியில உக்காரு. மீதிய வெட்டறேன். சத்தியம்."

எழுந்து, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனான். கதவு மணி 'டிங்' என்றது. எல்மர் உடனே கூப்பிட்டிருக்கலாம். தெருவைத் தாண்டுவதற்குள் ஓடிப்போய் அழைத்து வந்திருக்கலாம். பெஞ்ச் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அவரும் நின்றுகொண்டிருந்தார்.

ஓட்டு வேலைக்காக வகுப்புகளை விட்டதில் டேல் தேர்வில் தவறினான். படிப்பு நின்றால் ராணுவத்தில் சேரச் சொல்லிக் கட்டாய அழைப்பு வந்துவிடும். மே மாதம் வந்தது. செப்டம்பரில் ஒருமுறை விடுப்பில் வந்தான். ராணுவத் தொப்பியோடு சலூன் ஜன்னலைக் கடந்தபோது நின்று, உள்ளே பார்த்துக் கையைத் தூக்கினான். எல்மர் வேறொருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். பார்த்தார். பார்க்காதது போல் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்குக் கனமாகிவிட்டன. தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர் அவர். வெர்னாவின் வரிசைக்கு வரும்போது தட்டைத்தான் பார்ப்பார், அவள் முகத்தைப் பார்க்க மாட்டார். மன்னிப்புக் கேட்கும் ஜெப வரியை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிடுவார். பையன் வரட்டும், நாற்காலியில் உட்கார வைத்து, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்திருந்தார்.

நவம்பர் பிறந்தது. முதல் சனிக்கிழமை காலை கடையைத் திறந்தார்.

நாற்காலிக்கு அடியில் ஒரு கற்றை முடி.

முந்தின மாலை பெருக்கிவிட்டுத்தான் பூட்டியிருந்தார். ஒருநாளும் பெருக்காமல் பூட்டியதில்லை. குனிந்து எடுத்தார். நீளமான, வெளிர் பழுப்பு முடி. நீள முடிக்காரர்கள் யாரும் மாதக்கணக்கில் அந்தக் கடைக்கு வரவில்லை.

காற்றில் வந்திருக்கும் என்று குப்பையில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை, தேர்தல் நாள். மறுபடியும் ஒரு கற்றை. இந்த முறை ஈரமாக இருந்தது. கண்ணாடியைப் பார்த்து நிற்க வேண்டிய நாற்காலி வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"நீங்களா திருப்பினீங்க?" என்று கஸ்ஸைக் கேட்டார்.

"நான் என் கழுத்தையே திருப்ப முடியாதவன்" என்றார் கஸ்.

புதன்கிழமை. பகல் முழுக்க ரேடியோவில் தேர்தல் முடிவு. வாதாடிக் களைத்துப்போய் பெஞ்ச்காரர்கள் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். வெளியே பனி கலந்த மழை. நாலே முக்காலுக்கே இருட்டத் தொடங்கியது. எல்மர் ரேடியோவை அணைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார்.

குளிர்ந்த காற்று முதுகில் பட்டது. கதவு திறந்தது போல.

மணி அடிக்கவில்லை.

திரும்பிப் பார்த்தார். கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் வாசலிலிருந்து நாற்காலி வரை தரையில் ஈரம். சேறு. பூட்ஸ் தடங்கள்...

எங்கள் ஊர் மண் கறுப்பு. அந்தச் சேறு சிவப்பு.

அப்போது நாற்காலி சத்தம் போட்டது.

ஸ்ஸ்ஸ்ஸ்...

யாராவது உட்கார்ந்தால், தோல் மெத்தை காற்றை விட்டு அமுங்கும் சத்தம். முப்பது வருடமாகக் கேட்ட சத்தம்.

நாற்காலி காலியாக இருந்தது. மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது.

எல்மர் கண்ணாடியைப் பார்த்தார்.

கண்ணாடியில் நாற்காலி காலியாக இல்லை.

டேல் உட்கார்ந்திருந்தான். இடது பக்கம் ஒட்ட வெட்டிய தலை. வலது பக்கம் தோள் வரை முடி. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்...

"மீதிய வெட்டறேன்னு சொன்னீங்க, மிஸ்டர் ட்ராஸ்க்."

எல்மரைக் கால்கள் ஓடச் சொல்லின. கதவு பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரை நகரவிடாமல் செய்தது.

"ஏன் தம்பி... இப்ப..."

"அம்மாவப் பாக்கப் போறேன். அவங்க பாக்குறப்ப ரெண்டு பக்கமும் சரியா இருக்கணும்."

எல்மர் துணியை எடுத்தார். காலி நாற்காலியின் மேல் விரித்தார். துணி கீழே விழவில்லை. தோள்களின் மேல் நின்றது.

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினார். விரலில் முடி பட்டது. ஐஸ் போன்ற முடி.

வெட்டினார்.

சரக்... சரக்...

கண்ணை இறக்கினால் அவர் கத்தரி வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருந்தது. ஆனால் தரையில் முடி விழுந்தது. கற்றை கற்றையாக.

"தப்பு பண்ணிட்டேன் டேல். அவங்க சிரிக்கணும்னு பண்ணிட்டேன்."

கத்தரியை நிறுத்தாமல் அடுத்த கற்றையைப் பிடித்தார்.

"அன்னிக்கே உன்னக் கூப்பிட்டிருக்கணும்."

"இப்ப வெட்டறீங்களே" என்றான்.

காது ஓரம் முடிந்தது. சீப்பு பின்னந்தலைக்குப் போனது.

அங்கே எதுவும் தடுக்கவில்லை.

"அந்தப் பக்கம் வேணாம், மிஸ்டர் ட்ராஸ்க்."

கை நின்றது.

பவுடர் போட்டார். பிரஷ்ஷால் தட்டிவிட்டார். முடித்த பிறகு கைக்கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் பிடித்துக் காட்டுவது எல்லா முடிதிருத்துபவர்களுக்கும் பழக்கம். பழக்கத்தில் கை தானாக அதை எடுத்துவிட்டது. தூக்கியும்விட்டது...

"பின்னாடி காட்டாதீங்க."

மெல்லத்தான் சொன்னான்.

எல்மர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

திறந்தபோது துணி நாற்காலியில் சுருண்டு கிடந்தது. சேறு இல்லை. ஈரம் இல்லை.

முடி மட்டும் இருந்தது.

அதைக் குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை. ஒரு உறையில் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை ஒரு ராணுவக் கார் வெர்னாவின் வீட்டு வாசலில் நின்றது. டேல் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே இறந்துவிட்டான். நெல் வயல் ஓரத்தில், பின்னாலிருந்து சுட்டிருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று முத்திரை வைத்திருந்தார்கள். வெர்னா கேட்டுப் பார்த்தாள். கெஞ்சியும் பார்த்தாள். திறக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் எல்மர் அவள் வீட்டுக்குப் போனார். சமையலறை மேஜையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்த உணவுப் பாத்திரங்கள் தொடாமல் இருந்தன. அவள் காபி ஊற்றிக் கொடுத்தாள். அந்த நிலையிலும் ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மார்ச்சில் செய்ததையும் சொன்னார், புதன்கிழமை நடந்ததையும் சொன்னார்.

அவள் காபிப் பாத்திரத்தை அடுப்பில் திரும்ப வைத்தாள்.

"யாரு வெட்டினதுன்னு அவன் கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல எல்மர். விளையாட்டுக்கு ஃப்ரெண்ட்ஸ் பண்ணினதுன்னான்."

எல்மர் தலை குனிந்தார்.

"அன்னிக்கு ராத்திரியே மீதிய நான்தான் வெட்டினேன். இதே மேஜையில உக்கார வச்சு. வெட்டின முடிய அந்த அடுப்புலதான் போட்டேன். வீடு பூரா நாத்தம்."

எல்மர் அடுப்பைப் பார்த்தார். எரிந்துபோன முடியையா நான் வெட்டினேன்... உறையை மேஜையில் வைத்தார். அவள் பிரித்தாள். முகத்தருகே கொண்டுபோனாள்.

"கருகின வாசம் வருது" என்றாள்.

பைபிளைத் திறந்தாள். அதற்குள் பழுப்பேறிய ஒரு சின்ன உறை இருந்தது. அவனுடைய முதல் முடி. அதன் பக்கத்தில் இதையும் வைத்து மூடினாள்.

"என்ன மன்னிச்சிடு வெர்னா."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பக்கமும் சரியா இருக்கணும்னா சொன்னான்?"

"ஆமா. நீ பாக்கும்போது."

"பாத்தேன்" என்றாள் வெர்னா.

எல்மர் நிமிர்ந்தார்.

"அதே புதன்கிழமை. எனக்கு லீவு. சாயங்காலம் பின்கதவுக் கண்ணாடி வழியா பாத்தேன், படியில நின்னான். விடுப்புல வந்துட்டான்னு நெனச்சேன். தலை அவ்வளவு அழகா வெட்டியிருந்துச்சு. சிரிச்சான். நான் கதவத் தொறக்கறதுக்குள்ள கிளம்பிட்டான். ஒண்ணு மட்டும் எனக்கு அன்னிக்குப் புரியல எல்மர்..."

"என்ன?"

"திரும்பவே இல்ல. என்னப் பாத்துக்கிட்டே, பின்னாலயே அடி வச்சு அடி வச்சு, தோட்டம் முழுக்க அப்படியே நடந்து போனான்."