எஸ்தரம்மா கேட்ட கதவும் குழாயும்

செய்தி வந்தபோது எங்கள் ஊராட்சியின் குப்பைப் பிரிப்புக் கூடத்தில் மூன்று பேர் இருந்தோம். தராசுக்குப் பக்கத்தில் எடைநோட்டுடன் நான். தொட்டிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த கன்னியம்மா. பேட்டரி வண்டியின் சார்ஜர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த முனுசாமி. நான்காவதாக வரவேண்டியவர் எஸ்தரம்மா. காலை ஆறேகால் ஆகியும் வரவில்லை. எளாவூரில் வழக்கமான ரயிலைத் தவறவிட்டு அடுத்ததில் வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் பெயருக்கு நேராகக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன்.

முனுசாமியின் போன் அடித்தது. "ஆங்... ஆங்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை வண்டி சீட்டின் மேல் கவிழ்த்து வைத்தார்.

"எஸ்தரக்கா பூட்டாங்களாம்மா."

"எங்க பூட்டாங்க? நேத்து சாயந்தரம் எங்கூடதான் ரயிலு ஏறுனாங்க. இன்னா பேசற நீ?" என்று கன்னியம்மா அதட்டினார். முனுசாமி தலையைக் குனிந்துகொண்டார். கன்னியம்மா கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

விடியற்காலையில் சீருடைப் புடவை கட்டி, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், நெஞ்சு வலிக்கிறது என்று வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். மகன் ஆட்டோ கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

எஸ்தரம்மாவை அறிந்தவர்களுக்கு நான் எதையும் புதிதாகச் சொல்லப்போவதில்லை. அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். என் கணவர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்த்தவர். அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த பழைய பேரேடுகளைப் பார்த்து வரவு, செலவு, இருப்பு எழுதப் பழகிக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்தரம்மா எங்கள் தெருவுக்கு முதன்முதலில் விசில் ஊதிக்கொண்டு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நான் குளித்து, பெருமாளுக்கு விளக்கேற்றிவிட்டு, ஒரே கவரில் எல்லாவற்றையும் கட்டி வண்டியில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் கேட்டைத் தட்டும் சத்தம். அதே கவருடன் நின்றுகொண்டிருந்தார்.

"யம்மா, தப்பா நெனச்சுக்காத. சாமிக்கி சாத்துன பூவையும் கொயந்த டயாப்பரையும் ஒண்ணா முடிஞ்சு குடுக்கறியே, உங்க சாமி ஒண்ணும் கேக்கமாட்டாரா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. மகள் குழந்தையோடு வந்திருந்த சமயம் அது. நிர்மால்யப் பூவை மிதிபடும் இடத்தில் போடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் நான். சொன்னவரோ சிலுவை கோத்த கறுப்புக் கயிற்றைக் கழுத்தில் போட்டிருந்தார். கவரை வாங்கிப் பிரித்து, பூவைத் தனியாக ஒரு இலையில் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் வந்தபோது அவராகவே சொன்னார்: "உங்க சாமி பூவுக்குத் தனியா ஒரு குழி தோண்டிட்டேன். யாரும் மிதிக்கமாட்டாங்கோ. கவலப்படாத."

அன்றிலிருந்து இன்றுவரைக்கும் அந்தப் பூக்குழி தனியாகவே இருக்கிறது. அதில் விளைந்த உரத்தைத்தான் கூடத்தின் வாசலில் இருக்கும் துளசிக்கும் நந்தியாவட்டைக்கும் போட்டார்.

தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடுகளில் வடக்கிலிருந்து வந்த பையன்கள் ஓர் அறைக்கு ஆறு பேர், ஏழு பேர் என்று இருக்கிறார்கள். அங்கே குப்பை பிரித்து வாங்க யாராலும் முடியாது என்று எல்லோரும் கைவிட்டிருந்தார்கள். எஸ்தரம்மா அந்தப் பையன்களிடமே மூன்று வார்த்தை கற்றுக்கொண்டார். ஈரத்துக்கு ஒன்று, காய்ந்ததற்கு ஒன்று, புரிந்ததா என்று கேட்க ஒன்று. அவ்வளவு இந்திதான் அவருக்குத் தெரியும்.

"டேய் பையா! சோறு கீலா, கவரு சூகா. கீலா பச்ச டப்பா, சூகா நீல டப்பா. சம்ஜா? சமுஜாவலன்னா நாளிக்கி உன் குப்ப உன் பாயிலதான் இருக்கும்."

பாதி புரிந்து பாதி புரியாமல் அவர்கள் சிரிப்பார்கள். "கீலா சூகா அம்மா" என்றே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பண்டிகைக்கு அவர்கள் கொடுத்த இனிப்பை எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்து, "சாப்புடு கணக்கம்மா, ஒண்ணும் ஆவாது" என்றார். எங்கள் மகளிர் குழுவின் சார்பில் கூடத்தின் எடைக்கணக்கை நான் எழுத ஆரம்பித்திருந்தேன். கணக்கம்மா என்பது அவர் எனக்கு வைத்த பெயர்.

அமாவாசைக்கு அமாவாசை நான் திருவள்ளூர் போய்ப் பெருமாளைச் சேவித்து, குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வருவேன். உடம்பின் நோவு கரையும் என்பது எங்கள் நம்பிக்கை. அவருடைய முழங்கால் வலிக்கும் சேர்த்து ஒருமுறை கரைத்தேன் என்று சொன்னபோது, "எனக்கும் சேத்தா? அப்ப நாலு கட்டி கூடப் போட்டிருக்கலாம் இல்ல? ரெண்டு காலு கீதே!" என்றார்.

இனி எழுதவேண்டியதுதான் கடினமானது.

குப்பைத் திட்டங்களுக்கு அரசு மானியம் தருகிறது, நம் ஊராட்சியும் விண்ணப்பிக்கலாம் என்று கிராம சபையில் செயலர் பாஸ்கர் அறிவித்தார். புதிய கூடம், உரத்தொட்டிகள், பேட்டரி வண்டி, பிளாஸ்டிக் அமுக்கும் எந்திரம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசி வரிசையிலிருந்து எஸ்தரம்மா எழுந்தார்.

"ஐயா, கொட்டாயாண்ட எங்களுக்கு ஒரு குளிக்கிற ரூமு போடுங்க. பெரிசா வோணாம். ஒரு கதவு, ஒரு தாப்பா, ஒரு கொழா."

"இன்னா எஸ்தரு, ஹீட்டரும் வோணுமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். கூட்டம் சிரித்தது.

"போட்டா வோணான்னா சொல்லப்போறேன்? சுடுதண்ணி வந்தா உன்னையுந்தான் கூப்புடுவேன். ஒரு நாளாச்சும் குளி."

சிரிப்பு அவர் பக்கம் திரும்பிவிட்டது. அது அடங்கியதும் மெதுவாகச் சொன்னார்: "தமாசு இல்லீங்க. இதே துணியோட கவரப்பேட்டையில ரயிலு ஏர்றோம். பொம்பளைங்க பொட்டியில ஏறுனா பக்கத்துல ஒக்காந்தவங்க எந்திரிச்சுப் பூடறாங்க. அதனால மீன்கூடைக்காரங்க பொட்டியில நின்னுக்கினு போறோம். அவுங்களே மூக்கப் புடிச்சுக்கினா நாங்க எங்கதான் போறது?"

கூடத்தில் தண்ணீர் என்றால் ஒரு நீல டிரம்தான். கை கழுவுவதும் அதில், உரக்குழிக்குத் தெளிப்பதும் அதில். அன்று குளியலறையையும் தீர்மானத்தில் எழுதினோம். விண்ணப்பத்தின் தேவைப் பட்டியலை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஆறாவது இனமாகத் தெளிவாக எழுதினேன்: பணியாளர்களுக்குக் குளியலறை, கதவு, தாழ்ப்பாள், குழாயுடன்.

பட்டியலைச் சரிபார்த்த ஒருவர், அவர் பெயர் இங்கே வேண்டாம், குளியலறைக்கு இந்த மானியத்தில் செலவுத் தலைப்பே இல்லை என்றார். அதை வைத்தால் கோப்பு முழுவதும் திரும்பி வந்துவிடும் என்றார். விழிப்புணர்வுப் பலகைக்குத் தலைப்பு இருக்கிறது, அதைப் போடுங்கள் என்றார். கடைசி நாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. கோப்பு திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தில் நான் ஸ்கேல் வைத்து ஆறாவது வரியை அடித்தேன். மேலே பலகை என்று எழுதினேன். அடித்தல் கோடு கூட நேராக இருக்கவேண்டும் என்று பார்த்தேனே தவிர, எஸ்தரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மானியத்தின் முதல் தவணை வந்தது. பழைய கொட்டாய் இருந்த இடத்திலேயே புதிய கூடம் எழுந்தது. வாசலில் ஆளுயரத்துக்கும் மேலே ஒரு பலகை. பச்சைச் சீருடையில், பளிச்சென்று சிரித்த முகத்துடன் ஒரு பெண் இரண்டு தொட்டிகளைக் காட்டுவது போல வரைந்திருந்தார்கள். ஓவியருக்கு எஸ்தரம்மாவின் படத்தைத்தான் மாதிரியாகக் கொடுத்திருந்தார்கள். திறப்பு விழாவன்று அவர் பலகைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து வெகுநேரம் நின்றார்.

"ஏன் கணக்கம்மா, இந்தப் பொம்பள எங்க குளிச்சா? இவ்ளோ சுத்தமா கீறாளே!"

பட்டியலில் என்ன நடந்தது என்று அன்றுதான் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். தொட்டியைப் புரட்டிப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

"வுடு. அடுத்த தபா எழுது. உன் கையெழுத்து நல்லாத்தான் கீது."

அடுத்த தபா வருவதற்குள் அவர் போய்விட்டார்.

செய்தி வந்த அன்று கூடத்தைப் பூட்டிவிட்டு மூவரும் எளாவூர் போனோம். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, லாரி சத்தம் கேட்கும் தூரத்தில் அவர் வீடு. லைன் வீட்டுப் பையன்கள் நான்கு பேர் எங்களுக்கு முன்பே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றிருந்தார்கள். சபையார் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவரைக் குளிப்பாட்டவேண்டும் என்று பெண்கள் வீட்டின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நான்கு சவுக்குக் கம்பு நட்டு, மூன்று பக்கம் பழைய சீருடைப் புடவை கட்டியிருந்தது. கீழே ஒரு கருங்கல். கம்பில் ஆணியடித்து ஒரு சோப்புப் பெட்டி. சாவுக்காக அவசரமாகக் கட்டிய மறைப்பு என்று நினைத்தேன்.

"இல்லீங்கம்மா, இது அம்மா டெய்லி குளிக்கிற எடம்," என்றாள் அவர் மருமகள். "ரயிலு எறங்கி வந்ததும் ஊட்டுக்குள்ள வரமாட்டாங்க. நேரா இங்கதான். மழ பேஞ்சாலும் இங்கதான். காத்தடிச்சா ஒரு கையால பொடவையப் புடிச்சுக்கினு ஒரு கையால ஊத்திக்குவாங்க."

நான்காவது பக்கம் திறந்திருந்தது. கன்னியம்மாவும் மருமகளும் ஒரு போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வயதான அம்மாள் செம்பை என் கையில் கொடுத்தார். "நீயும் ரெண்டு சொம்பு ஊத்தும்மா. உன்னப் பத்தி ரொம்பச் சொல்லுவா." ஊற்றினேன். இத்தனை ஆண்டுகளில் நான் அவரைத் தொட்டது அதுதான் முதல்முறை என்பது அப்போதுதான் உறைத்தது. நோட்டை நீட்டுவேன், அவர் கைநாட்டு வைப்பார், மேசையில் வைப்பார், நான் எடுத்துக்கொள்வேன். அவர் விரல்கள் அவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நாராயணா என்று சொல்லிக்கொண்டேதான் ஊற்றினேன். அவருடைய கர்த்தர் தவறாக நினைக்கமாட்டார்.

சாவு வீட்டுக்குப் போய்வந்தால் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அன்று என் வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் போனேன். கதவு, தாழ்ப்பாள், குழாய். மூன்றும் இருந்தன. தாழ்ப்பாளைப் போடக் கை எழவில்லை. குளிக்காமல் பெருமாள் விளக்கைத் தொடாதவள், இன்னொரு பெண் குளிப்பதற்குக் கேட்டதை ஸ்கேல் வைத்து அடித்திருக்கிறேன்.

மறுநாள் மானியத்தின் வழிகாட்டிக் குறிப்பை எடுத்து முதல் பக்கத்திலிருந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். முன்பு பட்டியல் இருந்த பக்கங்களை மட்டும் பார்த்திருந்தேன். கடைசிப் பக்கத்தில், இணைப்புக்குக் கீழே, சின்ன எழுத்தில் இருக்கிறது: பணியாளர் நலனுக்கான அடிப்படை வசதிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். தலைப்பு இருந்திருக்கிறது. ஒருவர் வாயால் இல்லை என்றார், நானும் நம்பிவிட்டேன். கணக்கில் ஒரு வரி விட்டால் கூட்டல் தவறும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள், ஒரு பக்கத்தையே விட்டுவிட்டேன்.

எஸ்தரம்மா, என்னை மன்னிக்கவேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்டிருந்தால் நீங்கள் "வுடு" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். விடமாட்டேன். பூக்குழியில் இன்று காலை என் வீட்டுப் பூவைப் போட்டுவிட்டு வந்தேன். அதன் உரத்தில் நீங்கள் வளர்த்த வாசல் நந்தியாவட்டை பூத்திருக்கிறது. அதிலிருந்து ஒன்றைப் பறித்து, பலகையில் சிரிக்கும் உங்கள் காலடியில் வைத்தேன். போய் வாருங்கள் அம்மா. நீங்கள் போயிருக்கும் இடத்தில் யாரும் எழுந்து தள்ளி உட்காரமாட்டார்கள்.

இந்தக் கட்டுரையை ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நடக்கும் நினைவுக் கூட்டத்தில் வாசிக்கிறேன். செயலர் அவர்களும் ஊராட்சித் தலைவர் அவர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மானியத்தின் இரண்டாம் தவணைக்கான திருத்தப் பட்டியலை எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரே ஒரு இனம்தான். கடைசிப் பக்கத்தின் நகலில் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன். கன்னியம்மா இன்றைக்கும் மாலை ரயிலில் மீன்கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டுதான் வீட்டுக்குப் போவார்.

செயலர் அவர்களே, தலைவர் அவர்களே, உண்டு என்றாலும் இல்லை என்றாலும், வாயால் வேண்டாம், எழுத்தில் கொடுங்கள். தயவுசெய்து விரைவில் பதில் தாருங்கள்.